நாலாவது சிலிண்டரின் சத்தம்

பெயர் ஆல்வின், வயது 36, த/பெ சின்னான், மாரியம்மன் கோயில் வீதி, லைன் வீடு, கணபதி, கோயம்புத்தூர்.

நான் மேற்கண்ட முகவரியில் மனைவி செவ்வந்தியுடன் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். பம்பு செட்டுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறையில் மெஷின் ஆபரேட்டராக வேலை செய்கிறேன். சொந்த ஊர் பல்லடம் பக்கம். தகப்பனார் அங்கே அடுத்தவர் தோட்டங்களில் கூலி வேலை பார்த்து ஓய்ந்தவர். என் பெயரில் பழைய ஹோண்டா சிட்டி கார் ஒன்று உள்ளது. எனது எஞ்சினை ரித்விக் என்பவர் எடுத்துத் தன் காரில் மாட்டிக்கொண்டது சம்பந்தமாக நான் கொடுத்த மனுவின் பேரில், உதவி ஆய்வாளர் நஞ்சுண்டன் அவர்கள் இன்று என்னை நிலையத்துக்கு அழைத்து விசாரித்தார். நான் சொன்னதாவது:

சைலன்ஸரை ஓட்டை போட்டுவிட்டு, கண்ணாடியில் பெரிய ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, ரேஸ்கோர்ஸைச் சுற்றி வந்து ஊரைக் கெடுக்கிறவர்களையும், பழைய கார்களின் எஞ்சினைக் கையால் பண்படுத்தி ஓட்டுகிற எங்கள் கூட்டத்தாரையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். அது வேஷம். ஜப்பான்காரன் சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு பெரிய எஞ்சின் செய்கிற வேலையைச் செய்வான். பெரிய எஞ்சினை வாங்கி வேகமாகப் போவது பணத்தின் சாமர்த்தியம். சின்ன எஞ்சினைத் திறந்து, காற்று உள்ளே போகிற வழியைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி, அதற்குள் இருக்கிற மூச்சை வெளியே கொண்டுவருவது கையின் சாமர்த்தியம். என்னிடம் இருந்தது கை மட்டும்தான்.

ஜப்பானில் ஓடி முடித்த கார்களைப் பாதியாக அறுத்துக் கன்டெய்னரில் ஏற்றி அனுப்புவார்கள். அப்படிச் சென்னையில் வந்து இறங்கிய ஒரு பாதிக் காரிலிருந்து இந்த எஞ்சினை வாங்கினேன். பில் கிடையாது. அந்த மாதிரி இடத்தில் பில் கேட்டால் சிரிப்பார்கள். அதன் பின்னர், பட்டறை முதலாளியிடம் அனுமதி கேட்டு, வேலை முடிந்த நேரத்தில் அதே மெஷினில் அதை என் காரில் பொருத்துவதற்கான பிடிப்புப் பட்டைகளை நானே வெட்டினேன். எஞ்சின் தலையின் காற்று வழிகளை வீட்டில் உட்கார்ந்து எமரித் தாளால் கையாலேயே தேய்த்தேன். அதற்கு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் பிடித்தன. செவ்வந்தி டார்ச் பிடிப்பாள், திட்டுவாள், மறுபடி பிடிப்பாள்.

நாலாவது சிலிண்டரில் மட்டும் வால்வு இடைவெளியை ஒரு இழை கூடுதலாக வைத்தேன். அந்த இடத்தில் சூடு அதிகம் ஏறுவதைக் கவனித்து நான் யோசித்துச் செய்தது. அதனால் எஞ்சின் சும்மா ஓடும்போது அந்தப் பக்கம் டிக், டிக் என்று மெல்லிய சத்தம் வரும். குறை என்று நினைப்பார்கள். குறை இல்லை. அதைச் சரிசெய்கிறேன் என்று யாராவது முடுக்கினால் வால்வு கருகிவிடும்.

அதன் பின்னர், என் கார் பழைய வண்டி என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்காக ஆர்.டி.ஓ. ஆய்வுக்குப் போகும்போது கம்பெனி கொடுத்த எஞ்சின்தான் காரில் இருக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் யாருக்கு ஆய்வு வந்தாலும் எல்லோரும் சேர்ந்து அந்த வண்டியில் போட்டதையெல்லாம் கழற்றி, பழைய பாகங்களை மாட்டி அனுப்புவோம். அதற்கு 'யூனிஃபார்ம் போடுவது' என்று பெயர். வந்ததும் யூனிஃபார்மைக் கழற்றுவோம். இது சட்டப்படி தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தோம்.

என் லைன் வீட்டில் சைக்கிள் நிறுத்தவே சண்டை. ரித்விக்கின் குடும்பத்துக்குச் சொந்தமான, இப்போது ஓடாத நூல் மில்லின் கிடங்கில் எஞ்சின் தூக்குகிற செயின் பிளாக் இருந்தது. அவரும் எங்கள் கூட்டத்தில் ஒருவர், வயதில் இளையவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். என்னுடையதைப் போலவே ஒரு சிட்டி கார் அவரிடமும் இருந்தது. அங்கே வைத்து என் எஞ்சினை இறக்கி, கம்பெனி எஞ்சினை ஏற்றினோம். இறக்கிய எஞ்சினைப் பலகை மேல் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினேன். "இங்கயே கெடக்கட்டுமுங்ணா, ஒண்ணும் ஆகாது" என்று ரித்விக் சொன்னார்.

ஆய்வு முடிந்து வந்த வாரமே ஊரில் தகப்பனார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அதன் பின்னர் ஆஸ்பத்திரி, ஊர், பட்டறை என்று நான் அலைந்துகொண்டிருந்தேன். யூனிஃபார்ம் போட்ட காரிலேயே அவரைப் பின் சீட்டில் படுக்க வைத்து ஓட்டினேன். எஞ்சினை மறந்துவிடவில்லை. கிடங்குச் சாவி ரித்விக்கிடம் இருந்தது, போன் செய்தால் "ஊர்ல இல்லீங்ணா" என்பார். நானும் நம்பினேன்.

அப்பா தடி ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல்லடம் ரோட்டில் நாங்கள் கூடுகிற டீக்கடைக்குப் போனேன். எங்கள் வழக்கம், வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுத்தான் டீ வாங்கப் போவோம். யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், கேட்கலாம், கேலி செய்யலாம். அன்றைக்கு ரித்விக்கின் காரில் மட்டும் பானெட் மூடியிருந்தது. யாரோ கேட்டதற்குக் கொக்கி மாட்டிக்கொண்டது என்றார். என்னைப் பார்த்ததும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். டிக், டிக் என்று கேட்டது. அதன் பின்னர் அவர் ரோட்டில் ஏறி மிதித்தபோது, எஞ்சின் வேகம் ஏறி ஒரு இடத்தில் அந்தக் குரல் மாறியதே, அதைக் கேட்டு ரோடு வரை பின்னாலேயே ஓடினேன். பெற்ற பிள்ளை அடுத்தவர் வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடையாளம் தெரியாதா?

ரித்விக்குக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. அதன் பின்னர்தான் மனு கொடுத்தேன்.

இன்று விசாரணையில் உதவி ஆய்வாளர் என் பதிவுப் புத்தகத்தையும் வெளியே நிற்கிற என் காரையும் ஒத்துப் பார்த்தார். "ஏனுங்க ஆல்வின், காரு உங்ககிட்டத்தான நிக்குது? எஞ்சின் நெம்பரும் புக்குல இருக்கற நெம்பரும் ஒண்ணாத்தான இருக்குது? அப்பறம் என்னதானுங்க காணாமப் போச்சு?" என்று கேட்டார். ரித்விக் காரில் இருக்கிற எஞ்சினின் பிடிப்புப் பட்டைகளை நான்தான் வெட்டினேன் என்றேன். "கணபதியில சந்துக்குச் சந்து லேத்துங்க. பட்டைய ஆரு வேணும்னாலும் வெட்டலாமுங்களே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

ரித்விக் அவர்கள் மில் மேனேஜர் வெங்கடபதியுடன் வந்திருந்தார். "கேக்கறக்கு ஆளில்லாமக் கெடந்துச்சுங்க சார். அப்பா பழைய இரும்புல போடச் சொன்னாரு. நான்தான் காப்பாத்தி மாட்டுனேன்" என்று சொன்னார். அவரிடமும் எஞ்சினுக்கு பில் இல்லை. அப்போது என்னுடன் வந்திருந்த என் மனைவி, "தம்பி, இவரு அதைத் தேச்ச காலத்துல எங்கூட்டுச் சோத்துலயே மண்ணெண்ணெய் வாசம் அடிச்சுது. அதுக்கு நான் சாட்சி. ஆனா பொண்டாட்டி சாட்சி எடுபடாதுங்களே" என்று சொன்னாள். ரித்விக் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பின்னர் உதவி ஆய்வாளர் ரித்விக்கின் காரை வளாகத்துக்குள் கொண்டுவரச் செய்து, பானெட்டைத் திறந்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அவர் எஞ்சினை எழுப்பிய கையோடு, ஆறிக் கிடந்ததை அப்படியே மிதித்து உறும வைத்தார். எண்ணெய் மேலே ஏறுவதற்குள் அப்படி மிதித்தால் உள்ளே இரும்போடு இரும்பு உரசும். "மிதிக்காதீங்க தம்பி! அது இன்னும் முழிக்கவே இல்லீங்க!" என்று கத்திவிட்டேன். காவல் நிலையத்தில் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். உள்ளே இருந்த காவலர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். ரித்விக் காலை எடுத்துவிட்டார். டிக், டிக் என்று கேட்டது. "இந்தச் சத்தம் ஒண்ணுதானுங்க சார் குறை. வர்ற வாரம் மெக்கானிக் டைட் பண்ணிருவாரு" என்று அவர் சொன்னார்.

உதவி ஆய்வாளர் என்னைத் தனியே நிலையத்தின் பின்பக்கம் அழைத்துச் சென்றார். "உன்றதுதான்னு எனக்குத் தெரியுது கண்ணு. எழுதறக்குத்தான் ஒண்ணுமில்ல. டிக் டிக்குன்னு எழுதிக் கோர்ட்டுல குடுக்க முடியுமா?" என்று சொன்னார். வழக்கு வேண்டும் என்றால் எஞ்சினை இறக்கிக் கைப்பற்றி இங்கே வைக்க வேண்டும், இரண்டு காரிலும் எஞ்சின் மாற்றியது பற்றி ஆர்.டி.ஓ.வுக்கும் எழுத வேண்டும், வழக்கு முடியும்போது யாருடையது என்று நிரூபணம் ஆகாவிட்டால் ஏலத்தில் பழைய இரும்பாகத்தான் போகும் என்று விளக்கினார்.

அங்கே பிடிபட்ட வண்டிகள் நின்றன. அதில் ஒரு கறுப்பு லான்சர் காரை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அது டீக்கடைக்கு வந்தால் நாங்கள் எல்லோரும் எழுந்து போய்ப் பார்ப்போம். இப்போது நாலு டயரும் மண்ணோடு மண்ணாக இருந்தன. வயர்களை எலி தின்றிருந்தது. பானெட் இடுக்கில் வேப்பங்கன்று முளைத்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதன் சொந்தக்காரர் இன்னும் வாய்தாவுக்கு நடந்துகொண்டிருப்பதாக உதவி ஆய்வாளர் சொன்னார்.

திரும்பி வந்து உதவி ஆய்வாளர் விளக்கியதைச் செவ்வந்தியிடம் சொன்னேன். அவள் வழக்குப் போடத்தான் சொன்னாள். "துருப்புடிச்சுப் போனாலும் போகட்டுமுங்க, அவனுக்குப் போகப்படாது" என்றாள். அது கெட்டுப்போவதை என்னால் பார்க்க முடியாது என்றேன். அதற்கு அவள், "மாமா அடுத்தவங்க தோட்டத்துல பாடுபட்டாரு. நீங்க அடுத்தவங்க காருக்குப் பாடுபட்டிருக்கறீங்க. அவ்வளவுதானுங்க வித்தியாசம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் எங்கள் காருக்குள் உட்கார்ந்துகொண்டாள். அவள் சொன்னது உண்மை.

ஆகவே மேற்படி எஞ்சின் சம்பந்தமாக நான் கொடுத்த மனுவின் மேல் நடவடிக்கை ஏதும் தேவையில்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன். தவறான புரிதலால் மனு கொடுத்துவிட்டேன். 'தவறான புரிதல்' என்பது நான் சொன்னதல்ல, அதை எடுத்துவிடுங்கள் என்று எழுதுகிற ஏட்டையாவிடம் கேட்டேன். அந்த வார்த்தை இல்லாமல் மனுவை முடிக்க முடியாதுங்க என்று சொன்னார். சரி, இருக்கட்டும் என்றேன்.

இத்துடன் கீழ்க்கண்டவற்றையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டேன். இது வாக்குமூலத்தில் வராது என்று ஏட்டையா சொன்னார். உதவி ஆய்வாளர், "எழுதுங்க, போகட்டும்" என்று சொன்னதன் பேரில் எழுதப்பட்டது.

காலையில் எடுத்ததும் மிதிக்கக் கூடாது. சூட்டு முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். அதன் பின்னர் எவ்வளவு மிதித்தாலும் தாங்கும், பயப்பட வேண்டாம். வேகமாக ஓட்டி வந்து உடனே அணைக்கக் கூடாது, சற்று நேரம் சும்மா ஓட விட வேண்டும். எண்ணெய் கறுக்கும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்ற வேண்டும். நாலாவது சிலிண்டர் பக்கம் டிக், டிக் என்று சத்தம் கேட்கும். யார் சொன்னாலும் அதில் கை வைக்கக் கூடாது. அது பிறவியிலேயே அப்படி.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். புரிதலைப் பற்றி எழுதியிருப்பது நீங்கலாக மற்றதெல்லாம் நான் சொன்னது, சொன்னதெல்லாம் சத்தியம். கடைசிப் பகுதியை மட்டும் ஒரு நகல் எடுத்து ரித்விக்கிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) சி. ஆல்வின்