வஸீலா அம்மா பாடாத இரண்டாம் அடி

மேடையில் அமர்ந்திருக்கும் இசைக்கலைஞர் சங்கத் தலைவர் நஷ்அத் அவர்களே, வஸீலா அம்மாவின் தம்பி ஃபுவாத் அவர்களே, நாற்பதாம் நாள் துக்கத்துக்குக் கடையடைத்து வந்திருக்கும் அலெப்போ நகரத்துப் பெருமக்களே, வலப்பக்கம் அமர்ந்து கண் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் ஸலாம்.

என் பெயர் ரிஸ்வான். இசைப் பேரரசி வஸீலா சாபூனிக்குப் பாதி ஆயுள் பக்கத்தில் உட்கார்ந்து கானூன் வாசித்தவன். மடியில் கம்பிகளை வைத்துக்கொண்டு விரலால் பேசிப் பழகியவனை இன்று வாயால் பேசச் சொல்லி நிறுத்தியிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசியவர்களில் ஒருவர் அம்மாவை நிலவு என்றார். இன்னொருவர் விடிவெள்ளி என்றார். அம்மா இங்கே இருந்திருந்தால், "வானத்துல இருக்கறதெல்லாம் எனக்கெதுக்குப்பா? அந்தக் காப்பியை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றிருப்பார்.

சோப்புக் காய்ச்சும் வீட்டில் பிறந்தவர் அவர். கல்யாணப் பெண்ணை நீராட்டும் ஹம்மாமில், வெந்நீர்ப் புகைக்குள் யார் என்று தெரியாமல் பாட ஆரம்பித்தவர். கடைசிவரை அந்தக் குரலில் கொஞ்சம் புகை இருந்தது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அது நம்மைச் சூழ்ந்துகொள்ளும், இல்லையா? கெய்ரோ அழைத்தது, பெய்ரூத் அழைத்தது, துனிஸ் அழைத்தது. போனார், பாடினார், மாலைகளோடு திரும்பினார். "அங்கெல்லாம் கைதட்டுறாங்க ரிஸ்வான், கோழி விரட்டுற மாதிரி இருக்கு" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார்.

நமக்குக் கைதட்டத் தெரியாது. ஓர் அடி நெஞ்சைத் தொட்டால் 'ஆ' என்று மூச்சு விடுவோம். "இன்னொரு தரம்!" என்போம். கேட்டால் பாடியே ஆகவேண்டும், முன்பு பாடியது போலவும் பாடக்கூடாது. பிடிக்கவில்லையா? எழுந்து போய்விடுவோம், அவ்வளவுதான். வெளியூர்ப் பாடகர் ஒருவர் கண்ணை மூடி உருகிப் பாடிவிட்டுக் கண்ணைத் திறந்தபோது எதிரே வெறும் நாற்காலிகள்தான் இருந்தன. அன்று முதலில் எழுந்தவர் பல் டாக்டர் இலியாஸ். இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். சிரிக்காதீர்கள் டாக்டர், இது இரங்கல் கூட்டம்!

ஒருமுறை ஒரு வானொலி நிலையத்தில் அம்மாவைக் கண்ணாடி அறைக்குள் நிறுத்தினார்கள். ஓர் அடி பாடினார், நிறுத்தினார், காத்திருந்தார். அந்த அறையில் யார் 'ஆ' சொல்வது? "நான் சரியா பாடலை. யாருமே மூச்சு விடலை" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதிகாரிகள் ஓடிப்போய், தெருவில் பிஸ்தா விற்றவரையும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களையும் கெஞ்சி அழைத்துவந்து எதிரே உட்காரவைத்த பிறகுதான் பாட்டு நடந்தது. எப்பேர்ப்பட்ட பிடிவாதம்! கேட்கிறவர் பாதியைத் தராமல் பாட்டு முழுதாகாது என்று நம்பியவர் அவர்.

பெரியோர்களே, இப்போது நான் சொல்லப்போவது அம்மாவின் கடைசிக் கச்சேரியைப் பற்றி. சொல்லலாமா என்று ஃபுவாத் அண்ணனைக் கேட்டேன். "சொல்லுடா. அக்காவைப் பத்திப் பத்திரிகைக்காரன் எழுதினதை விட இது பெருசு" என்றார்.

கடைசிக் காலத்தில் அம்மாவுக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு வீடு திரும்பும் வழி. பாட்டு மட்டும் போகவில்லை, வெகுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு பாட்டிலும் அங்கங்கே வெளிச்சம் அணைய ஆரம்பித்தது. ஒத்திகையில் அவர் தடுமாறும்போது அடுத்த அடியின் மெட்டை நான் மெல்லத் தொட்டுக் காட்டுவேன், பிடித்துக்கொள்வார். வாத்தியக்காரர்களான எங்களைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. "வேற எங்க மறந்தாலும் பரவால்ல ரிஸ்வான். நம்ம ஊர்க்காரங்க முன்னாடி மட்டும் நான் முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. அவங்க எந்திரிச்சுப் போறதைப் பாத்தா அங்கேயே விழுந்துருவேன்" என்றார். அவருக்கு இருந்த ஒரே பயம் அதுதான். மரணத்துக்குக்கூட அவர் அப்படிப் பயப்படவில்லை.

அந்த வசந்த கால மாலை உங்களுக்கு நினைவிருக்கிறதா? பழைய வீட்டு முற்றம், நடுவே நீர்த்தொட்டி, மேலே வெளுத்த நீலம். அம்மா எடுத்துக்கொண்டது அவருடைய பழைய பாட்டு.

'வாசலைச் சாத்தாதே, மாலை இன்னும் உள்ளே வரவில்லை.'

முதல் அடி முடிந்தது. அம்மா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லை. அடுத்த மெட்டைத் தொட்டுக் காட்டினேன். பிடிக்கவில்லை. மறுபடி காட்டினேன். உதடு திறந்தபடியே நின்றது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல். "இன்னொரு தரம், அம்மா!"

அம்மா பாடினார். முதல் அடியையே, வேறு ராகத்தில். முடிவதற்குள் இடப்பக்கமிருந்து, "இன்னொரு தரம்!" மறுபடி வேறு நிறத்தில், தாழ்ந்து, கெஞ்சி. பின்வரிசையிலிருந்து, "கண்ணே, இன்னொரு தரம்!" அப்புறம் நேரம் என்ற ஒன்று இருந்ததா? எனக்குத் தெரியவில்லை. ஒரே அடிக்குள் அவர் அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தார், நாங்கள் பின்னாலேயே போனோம். நீர்த்தொட்டியில் வானம் ஆரஞ்சானது, பிறகு ஊதாவானது. தகைவிலான் குருவிகள் கூரைக்குத் திரும்பின. உண்மையிலேயே மாலை வாசல் வழியாக உள்ளே வந்து நம் நடுவே உட்கார்ந்தது போலிருந்தது. இரண்டாம் அடி வரவேயில்லை. அம்மா தலைவணங்கினார், கச்சேரி முடிந்தது. ஒற்றை அடியில் உலகத்தைக் காட்டியவர் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. தப்பித்தோம் என்று நாங்கள் மூச்சு விட்டோம்.

போன வாரம் எனக்குப் பல்வலி. டாக்டர் இலியாஸின் நாற்காலியில் வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருந்தேன். அவர் பாட்டுக்குக் கேட்டார்: "அன்னைக்கு அம்மாவுக்கு ரெண்டாவது அடி மறந்துபோச்சு, இல்ல?"

"ஆ" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

"மழுப்பாத ரிஸ்வான். அந்த மெட்டை நீ ரெண்டு தரம் காட்டுனியே, எங்களுக்குக் காது இல்லையா? முன்வரிசைக்கே தெரியும். அதான் நான் குரல் குடுத்தேன். பின்னாடி இருந்தவங்க புரிஞ்சுக்கிட்டாங்க. அடுத்த அடியைத் தேட வுடாம பாத்துக்கிட்டோம். ஒருத்தரும் யார்கிட்டயும் பேசிவெச்சுக்கல. வாயை நல்லாத் தொற."

மக்களே! ஒரு தப்புச் சுரத்துக்கு நாற்காலியைக் காலி செய்கிற ஊர் இது. அந்த ஊரே சேர்ந்து ஒரு கிழவியின் மறதியைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது! நாற்காலியில் படுத்தபடியே அழுதேன். ஊசி வலிக்கிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

அன்று கச்சேரி முடிந்து அம்மாவைக் காரில் ஏற்றினேன். சந்தில் கூட்டம், கார் நகரவில்லை. வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த ஜனங்கள் அத்தனை நேரம் தொண்டைக்குள் அடக்கிவைத்திருந்த இரண்டாம் அடியை அப்போதுதான் பாடினார்கள். ஒருவர் ஆரம்பிக்க, சந்து முழுக்கப் பிடித்துக்கொண்டது.

'வந்தால் உட்காரச் சொல், நான் வரும்வரை பேசிக்கொண்டிரு.'

அம்மா ஜன்னலை இறக்கினார். "யாரு பாட்டு ரிஸ்வான் இது?"

"உங்க பாட்டுதாம்மா."

"நெசமாவா? நல்லா இருக்கே!" என்றார். முகத்தில் எந்தப் பயமும் இல்லை. பிறகு பாதி உடம்பை வெளியே நீட்டி, வாழ்நாளெல்லாம் நாம் அவரைக் கேட்டதை அவர் நம்மைப் பார்த்துக் கேட்டார். "இன்னொரு தரம்!"

நீங்களும் பாடினீர்கள். வேறு மாதிரி பாடினீர்கள்.

ஆகவே வாத்தியக்காரர்களாகிய எங்கள் உறுதிமொழி இது. அவருடைய இடத்தில் இன்னொருவரை நாங்கள் உட்காரவைக்கப் போவதில்லை. ஒவ்வொரு வியாழன் மாலையும் அதே முற்றத்தில் கூடுவோம். முதல் அடியை வாசித்துவிட்டு வாத்தியங்களிலிருந்து விரல்களை எடுத்துவிடுவோம். அதற்குப் பிறகு பாடவேண்டியவர்கள் நீங்கள்.