நீக்கப்பட்டவன் பேசுகிறேன்

கையில் மணியும் கண்ணில் கண்டிப்புமாக அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர் நலச்சங்கத் தலைவி பார்வதம் அம்மையார் அவர்களே! பேச்சு முடிந்தால் வடை கிடைக்கும் என்று பொறுமை காக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நேரில் வந்தும் நிமிராமல் கைபேசிக்குள் குனிந்திருக்கும் இளைஞர் பட்டாளமே! ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, திருவேற்காட்டில் குடியேறி, நம் நகரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருக்கும் வெற்றிச்செல்வனின் பணிவான வணக்கம்.

என்ன தம்பி, மைக் இரைகிறதா? அது இரைவது நான் இரைவதால்.

எதற்காகத் தொடங்கினோம் அந்தக் குழுவை? கொஞ்சிக் குலவவா? குழம்பு வைக்கவா? கூவம் கரை தாண்டினால் கூவி அழைக்க! குழாய் வறண்டால் குரல் கொடுக்க! நடந்தது என்ன? விடிந்தால் கலியமூர்த்தி ஐயாவின் காலை வணக்க ரோஜாப்பூ. உச்சிப் பொழுதில், ஷேர் வேனில் குடையை விட்டவரின் ஒப்பாரி. கால்வாய் தூர்வாரப்படும் என்று நான் அறிவித்தால், அதன் கீழேயே புஷ்பா அம்மையார் கேட்கிறார்: "நெத்திலிக் கொழம்புக்கு மாங்கா போடலாமா?"

விட்டேனா? அழித்தேன்! குடையை அழித்தேன், குழம்பை அழித்தேன், நாள் தவறாமல் ரோஜாவை அழித்தேன். பிறந்தநாள் வாழ்த்து ஒன்று வந்தது. பிறந்தநாள் எனக்குத்தான். அதையும் அழித்தேன். விதி என்றால் விதி!

பின்வரிசையில் கைதட்ட வேண்டாம். கதை இனிமேல்தான் இருக்கிறது.

வெகுண்டெழுந்த புஷ்பா அம்மையார் தனிக்கட்சி கண்டார். குழுவின் பெயர் 'சும்மா'. அதற்கும் ஒரே விதி: காரியம் பேசக் கூடாது! நகரே அங்கே குடிபெயர்ந்தது. என் குழுவில் பெயர்கள் இருந்தன. சத்தத்தை மட்டும் எல்லோரும் அடைத்துவிட்டார்கள். நான் அறிவிப்பேன். நானே கட்டைவிரல் உயர்த்துவேன். அத்தனை தூய்மை!

போன கார்த்திகையில் ஒரு பிற்பகல். வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. நானோ ஆவடியில், மகள் வீட்டில், சாலையெல்லாம் வெள்ளமாகிச் சிக்கிக்கொண்டேன். அப்போது தரைத்தளத்து ஷோபனா என் குழுவில் எழுதுகிறார்: "வீட்டுக்குள்ள தண்ணி வருது. அப்பாவ மாடிக்குத் தூக்கணும். யாராச்சும் வாங்க." அப்பா என்றால் நம் கலியமூர்த்தி ஐயா. வாதம் வந்து படுத்த படுக்கையாக இருப்பவர். ஷோபனா ஒற்றை ஆள்.

படித்தவன் நான் ஒருவனே! பதறிப்போய் ஒவ்வொருவருக்கும் போன் அடித்தேன். திரையில் என் பெயரைப் பார்த்தால் யார் எடுப்பார்கள்? மானத்தை மடித்து வைத்துவிட்டு, மகள் தேடிக் கொடுத்த இணைப்பில் 'சும்மா' குழுவுக்குள் நுழைந்தேன். எழுதினேன்: "பேரன்புடையீர்! தரைத்தளத்தில் நீர் புகுந்துள்ளமையால், மீட்புப் பணிக்கு உறுப்பினர்கள் உடனடியாக..."

புஷ்பா அம்மையாரிடமிருந்து ஒரு வரி வந்தது. "காரியம் பேசினா வெளிய. விதின்னா விதி, நீங்க சொன்னதுதான் சார்." அடுத்த நொடி, தூக்கி எறியப்பட்டேன்! 'பேரன்புடையீர்' என்பதைத் தாண்டி ஒருவரும் படிக்கவில்லையாம். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்று நான் அழுதேன்.

காப்பாற்றியது யார் தெரியுமா? ஷோபனாவே! காரியம் பேசாமல், 'சும்மா'வில் ஒரு படம் போட்டார். "அப்பா கட்டிலாண்ட மீனு நீந்துது. நெத்திலியா பாருங்க." குழு கொதித்தது! ஷேர் வேன் ஓட்டும் தங்கராஜ் எழுதினார்: "நெத்திலி கடல் மீனும்மா, இது கெண்டக் குஞ்சு. இன்னாது, ஊட்டுக்குள்ளயா கீது?"

அந்த ஒரு கேள்விதான். ஆளாளுக்குப் படியிறங்கி ஓடினார்கள். கட்டிலின் ஒரு முனையைத் தங்கராஜ் பிடிக்க, மறுமுனையைப் புடவையை வரிந்து கட்டிய புஷ்பா அம்மையார் பிடிக்க, ஐயா மாடி ஏறினார். கட்டில் கிடந்த இடத்தில் பிறகு இடுப்பளவு தண்ணீர்.

மணி அடிக்காதீர்கள் தலைவி அவர்களே, முடிக்கிறேன்.

கேட்கிறேன் தோழர்களே! நான் அழைத்தேன், நாதி உண்டா? மீன் அழைத்தது, நகரே வந்தது! மாங்காய் போடலாமா என்று கேட்ட புஷ்பாவுக்கு மாங்காய் போடத் தெரியாதா? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்! கலியமூர்த்தி ஐயா அனுப்பியது வெறும் ரோஜாவா? இன்றைக்கும் கண் விழித்துவிட்டேன் என்று ஊருக்குச் சொன்னார்! அந்தப் பேச்சு இல்லாத இடத்தில் யாருக்கு யார் ஓடிவருவார்கள்? ஆகவே இந்த மேடையிலேயே என் குழுவைக் கலைக்கிறேன். புஷ்பா அம்மையார் அவர்களே, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்!

என்ன சொல்கிறார்? "சும்மா எதனா பேசுங்க சார், பாப்போம்" என்கிறாரா?

சும்மாவா... தொழிற்சாலை வாசலில் தொழிற்சங்கத்துக்காக மணிக்கணக்காகப் பேசியவன், சும்மா பேசியதே இல்லை. சரி, சொல்கிறேன். எங்கள் கூடத்துக் கடிகாரத்தின் பின்னால் ஒரு பல்லி இருக்கிறது. என்னோடு பேச வீட்டில் வேறு யாரும் இல்லை. அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கிறேன்.

பொறுங்கள், கைபேசி அதிர்கிறது. சேர்த்துவிட்டார்! அதற்குள் தங்கராஜ் கேட்டிருக்கிறார்: "பல்லிக்குப் பேர் இன்னா அண்ணாத்தே?"

அவையோரே, மன்னியுங்கள். இவருக்குப் பதில் எழுத வேண்டும். கேட்ட செவிகளுக்கெல்லாம் நன்றி, வணக்கம்!