மத்தியானப் படகு

இல்லக்கா, நான் உக்காரல. உக்காந்தா அப்புறம் எந்திரிக்க மனசு வராது. நீங்க உக்காருங்க, முட்டி வலின்னு வேன்லயே சொன்னீங்களே. உங்க வீட்டு அண்ணன் டீ வாங்கப் போயிருக்காரா? சரி சரி. ஏங்க்கா, அந்தச் சின்னப் படகு கரைக்குத் திரும்புறதுதானே? தண்ணி கேனை இறக்கிட்டுப் போயிடும்னு கைடு சொன்னார். நம்ம படகு சாயங்காலம்தானாம்.

எங்க வீட்டுக்காரரா? அதோ, தொப்பியும் கேமராவுமா மரத்தைச் சுத்திச் சுத்தி வர்றாரே, அவர்தான். காலைல அந்தப் பழைய கோட்டையில ஒவ்வொரு கல்லா தடவிக்கிட்டு நின்னார். இப்ப இந்தத் தீவுக் காடு. இந்த மரத்துக்கு ஆயிரம் வயசுன்னு கைடு சொன்னாலும் சொன்னார், மனுஷனுக்குத் தலைகால் புரியல. ஆயிரம் வருஷமா நிக்கிற மரம், அடுத்த மாசம் வந்தா ஓடியா போயிடும்? அடுத்த மாசம் போலாமேன்னு கிளம்பும்போதே கேட்டேன். டிக்கெட் எடுத்தாச்சுன்னு வாயை அடைச்சுட்டார்.

அழகுக்கு என்னக்கா குறைச்சல்? கடலும் அந்தக் குட்டிக் குட்டித் தீவும், பாத்துக்கிட்டே இருக்கலாம். எனக்குத்தான் எதுவும் ஒட்டல. உங்க போன்ல சிக்னல் வருதா? வராது. தேடிப் பிடிச்சுல்ல இந்த இடத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கார்.

ஒரே பொண்ணுக்கா. செல்லம் குடுத்ததெல்லாம் அவர்தான். அவ அழுதா இவருக்குச் சோறு இறங்காது. இப்ப அவ பேரை எடுத்தாலே எந்திரிச்சு வெளிய போயிடறார். பல் செட் செய்யுறவனுக்கா என் பொண்ணுன்னு ஒரே பிடிவாதம். பையன் தங்கமான பையன். முதல் தடவை வந்தப்பவே, அத்தை, அந்தக் கடவாப்பல் வலிக்குதா, ஒரு பக்கமாவே மெல்லுறீங்களேன்னு கேட்டான். இத்தனை வருஷமா எதிர்ல உக்காந்து சாப்பிடுறவருக்கு அது கண்ணுல படல.

கெட்டவர் இல்லக்கா. தாங்கிக்கத் தெரியல, அவ்வளவுதான்.

அய்யோ, கயித்தை அவுக்குறாங்க! இந்தாங்க, இதைப் பிடிங்க. அவரோட பிரஷர் மாத்திரை. சாப்பிட்டதும் ஒண்ணு, மறந்துடுவார், நீங்க ஞாபகப்படுத்துங்க. நான் எங்கன்னு கேட்டா மறைக்க வேணாம். நாளைக்குக் காலைல ரிஜிஸ்டர் ஆபீஸ்ல என் பொண்ணுக்குக் கல்யாணம். இந்தப் படகுல போனாத்தான் ராத்திரி பஸ்ஸைப் பிடிக்க முடியும். அவ தனியா நிப்பாக்கா.

அவர் கத்துவார், கண்டுக்காதீங்க. அழுதா மட்டும் அண்ணனைக் கொஞ்சம் பக்கத்துல உக்காரச் சொல்லுங்க. ஏம்ப்பா, நிறுத்துப்பா, நானும் வர்றேன்!