ஊசியால் கீறிய பெயர்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நடந்தது மதியம் மூன்று மணிக்கு. ஸ்டுடியோவுக்குப் போகும் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. நண்பன் ஒருவனின் அண்ணி மட்டும் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தாள்... வயிறெரிந்துகொண்டு.

பேய்ப் படங்களுக்கு டைட்டில் செய்வதுதான் அண்ணியின் தொழில். கண்ணாடியில் கறுப்புப் பெயின்ட் பூசி, ஊசியால் ஒவ்வோர் எழுத்தாகக் கீறிப் படம் பிடிப்பாள். இந்தப் படத்துக்கு மூன்று மாதம். விரல் நுனியெல்லாம் புண். அவள் பெயரை எடுத்துவிட்டு டைரக்டர் தன் மைத்துனன் பெயரைப் போட்டிருக்கிறார் என்பது அன்று காலையில்தான் காதுக்கு வந்தது.

பிரிவியூ தியேட்டரில் நரைத்த தலை ஆபரேட்டர் மட்டும் இருந்தார்.

"டைட்டிலை ஓட்டுங்க. என் கண்ணால பார்க்கணும்."

இசை இன்னும் சேர்க்கவில்லை. ஊமையாக ஓடியது. 'டைட்டில் வடிவமைப்பு' வந்தது. கீழே மைத்துனன். அதுவும் அவள் கீறிய எழுத்துகளையே பொறுக்கி ஒட்டி... அண்ணிக்கு ரத்தம் தலைக்கேறியது.

கிர்ர்... கிர்ர்...

கண்ணாடியில் ஊசி இழுக்கும் சத்தம். ஈரப் பெயின்ட் வாடை குப்பென்று அடித்தது. திரையில் மைத்துனன் பெயர் கோடு கோடாக அடிபட்டது. அடியில் வேறொரு பெயர் எழுந்தது. மூன்றே எழுத்து. ஒரு பெண்ணின் பெயர்.

"என்னங்க பண்றீங்க?"

"நான் கையே வைக்கலை மேடம்." ஆபரேட்டர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "இந்தப் பொண்ணு... நம்ம டைரக்டரோட முதல் படத்துக்கு டைட்டில் எழுதினவ. அவ பேரையும் போடலை. கேட்டதுக்கு எல்லார் முன்னாலயும் அசிங்கமா திட்டினார். படம் வந்த வாரமே செத்துப்போயிட்டா."

அண்ணிக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் இன்னும் ஏறியது.

கதவு திறந்தது. டைரக்டர்.

"யாரைக் கேட்டுய்யா ஓட்டற? நிறுத்து."

சொல்லிக்கொண்டே திரைக்கு முன்னால் வந்து நிமிர்ந்து பார்த்தார். ஆபரேட்டர் மெஷினை அணைத்து விளக்கைப் போட்டார்.

பெயர் போகவில்லை.

அண்ணி போய்த் தொட்டுப் பார்த்தாள். திரை கிழிந்திருந்தது... எழுத்து எழுத்தாக. பிசிறெல்லாம் இவள் பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து கீறியிருக்கிறது. பின்னால் வெறும் சுவர். நடுவில் கை நுழையக்கூட இடமில்லை.

கிர்ர்... அடுத்த வரி. டைரக்டர் பெயரின் முதல் எழுத்து.

"நிறுத்தச் சொல்லும்மா." டைரக்டருக்குக் கால் நகரவில்லை. "உன் பேரைப் போட்டுடறேன்."

அண்ணி முன்வரிசையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுதட்டும் சார். பாதியில நிறுத்தினா எழுத்து கெட்டுடும்."

கிர்ர்...

இரண்டாவது எழுத்து திரையில் விழவில்லை. டைரக்டரின் வெள்ளைச் சட்டையில், முதுகுப் பக்கம், சிவப்பாகக் கசிந்து வந்தது.