பதினெட்டாவது முள்

அக்கா: கதவைச் சாத்துடா! சாத்திட்டு ஓடி வா.

தம்பி: மியூசியமே தீப்பிடிச்ச மாதிரி போன்ல கத்துன... நான் கேமராவைக்கூட எடுக்காம ஓடி வந்தேன்.

அக்கா: கேமரா வேணாம். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீ எடுத்த படம் போதும். மேசைமேல என்ன இருக்கு, சொல்லு.

தம்பி: உன் செல்லப்பிள்ளையோட மேல்தகடு. நட்சத்திரத்தை வெச்சு மணி பாக்குற பித்தளைக் கருவி, முந்நூறு வருஷத்துப் பொருள்னு ஊரையே கூட்டிச் சொல்லுவியே... ஏன் கழட்டி வெச்சிருக்க?

அக்கா: சொல்றேன். அதுல முள்ளு எத்தனை?

தம்பி: பதினெட்டு. முள்ளுக்கு ஒரு நட்சத்திரம்.

அக்கா: பதினேழுக்குத்தான் பேர் வெட்டியிருக்கு. இந்த வளைஞ்ச முள்ளுக்குப் பேரும் இல்ல, வானத்துல அந்த இடத்துல நட்சத்திரமும் இல்ல. மூணு பேர் மண்டையை உடைச்சுக்கிட்டுக் கட்டுரை எழுதினாங்க...

தம்பி: அதுல ஒருத்தி நீ.

அக்கா: நாற்பது பக்கம்! பழைய பதிவேட்டுல பதினேழுன்னு இருக்கு, எழுதினவருக்கு எண்ணத் தெரியலன்னு அடிக்குறிப்புல திட்டு வேற. இந்தா லென்ஸ். படத்துல அந்த முள்ளைப் புடிச்சுக்கிட்டே போ.

தம்பி: போறேன்... தகடு தீந்துபோச்சு... முள்ளு நிக்கலையே? மேசைத் துணிமேலயும் போகுது.

அக்கா: பித்தளை முள்ளு எப்படிடா துணிமேல போகும்? தலைமுடிடா அது! படம் எடுக்கும்போது விழுந்த சுருட்டை முடி. எவனோ இந்தப் படத்தைப் பாத்துப் போலித் தகடு செஞ்சிருக்கான். முடியையும் முள்ளுன்னு நெனச்சு அறுத்து வெச்சிருக்கான்!

தம்பி: ...இந்தப் படம் உனக்கு எங்க கிடைச்சுது?

அக்கா: குறுக்க பேசாத! ஒத்தை முடிக்கு நாற்பது பக்கம் விளக்கம் எழுதியிருக்கேன், சிரிப்பு தாங்கல எனக்கு!

தம்பி: சிரிப்பா? உன் பேரு கெட்டுப்போயிடும்க்கா.

அக்கா: போகட்டும், உண்மை கிடைச்சிருச்சே! பதினொரு மணிக்கு உலோகம் சோதிக்கிறவங்க மெஷினோட வர்றாங்க. அதுக்குள்ள நான் முந்திக்கணும். இயக்குநருக்குக் கடிதம் எழுதி ஒட்டியாச்சு. மாத்துனது யாருன்னும் தெரியும்.

தம்பி: யாரு...?

அக்கா: இங்க பழைய பொருளையெல்லாம் சரிபண்ற பட்டறைப் பெரியவர். அப்ப கண்ணாடிப் பெட்டிச் சாவி அவர்கிட்டதான இருந்துச்சு?

தம்பி: ஐயோ, அவர் இல்லக்கா!

அக்கா: உனக்கெப்படித் தெரியும்?

தம்பி: அவர்... ஈ எறும்புக்குக்கூட துரோகம் நினைக்க மாட்டாரு.

அக்கா: ஈ எறும்பு வேற, பித்தளை வேற. நகரு, பதினொன்னு ஆகப்போகுது.

தம்பி: நில்லு! நான்தான்.

அக்கா: நீயா? என்னடா பண்ணுன?

தம்பி: வெளிச்சம் சரியில்லன்னு தூக்குனேன். கை நழுவி... மேல்தகடு ரெண்டா ஒடைஞ்சிருச்சு. நீ வேலைக்குச் சேர்ந்து ஒரே மாசம். உன்னைத்தான் துரத்துவாங்கன்னு பயம். வாசல்ல வெளிய போற பையைத்தான் சோதிப்பாங்க, அதனால ஒடைஞ்சதைக் கொண்டுபோக முடியல. படத்தை மட்டும் குடுத்து வேற ஊருல செஞ்சு வாங்குனேன். உள்ள வர்ற பையை யாரு பாக்குறா?

அக்கா: ஒடைஞ்சது எங்க?

தம்பி: இங்கயே, நான் படம் எடுத்த ஸ்டூடியோ ரூம்ல ஒளிச்சேன். ரூமைக் காலி பண்ணப்ப தேடுனேன், காணோம். போச்சுக்கா... அந்தக் கடிதத்தைக் கிழி. என் பேரைப் போட்டு வேற எழுது.

அக்கா: கிழிக்க வேணாம். பிரிச்சுப் படி.

தம்பி: ‘அசல் தகடு கிடைத்துவிட்டது...’ என்னக்கா இது? பெரியவர் பேரே இல்ல! கீழ என் பேரும் உன் பேரும்...

அக்கா: ஆறு மாசத்துக்கு முன்னாடி உன் பழைய விளக்குப் பெட்டிக்குள்ள தகடும் படமும் ஒன்னாக் கிடைச்சுது. ஒடைஞ்சதைப் பத்தவெச்சு ஒட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குற கருவியில மாட்டிட்டேன், பதினேழு முள்ளோட. தினமும் அதைத் தாண்டித்தான் நடக்குற, ஒருநாளாவது எண்ணிப் பாத்தியா? நீயா வாயைத் திறப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், அடுத்தவர் தலைமேல பழி விழுந்தப்பதான் திறந்த. பேனா இந்தா... ஒடைச்சதுக்கு நீ முதல்ல கையெழுத்துப் போடு, நாற்பது பக்கத்துக்கு நான் அப்புறம் போடுறேன்.