ஆறாத சோறு

— எழுபத்தி நாலு. பேச்சி, இங்கிட்டு வந்து பாரு. இன்னைக்கும் எழுபத்தி நாலு டிகிரி.

— சோறு சூடா இருக்குன்னு கவலப்படுத ஒரே ஆம்பள இந்த ஏலப்பாறையிலயே நீங்கதான். தட்டை எடுங்க. காலையில இருந்து மழையில நின்னு கொழுந்து எடுத்துட்டு வந்திருக்கேன், பசிக்கி.

— மொதல்ல நான் சொல்றதக் கேளு. காலையில அஞ்சரைக்கு நீ உலை வைக்கிற. அரிசி ஒரு கொதி வந்ததும் அஞ்சே நிமிஷம், கேஸை அணைச்சிர்றோம். பானையோட தூக்கி இந்தப் பழைய தேயிலைப் பெட்டிக்குள்ள வச்சு, கம்பெனி குடுத்த கம்பிளியச் சுத்தி மூடி போட்டுர்றோம். மீதி வேக்காட்டைப் பானையில இருக்க சூடே பாத்துக்கிருது. ஒரு மாசம் வந்த சிலிண்டர் ரெண்டு மாசத்துக்கு வருது. இதுவரைக்கும் சரிதானே?

— சரிதான் வாத்தியாரே. இந்த லயத்து வரிசையில பத்து வீட்டுக்கும் நீங்க பாடம் எடுத்தாச்சு. கோமதிகூடப் பெட்டி வச்சிட்டா.

— ஆனா கம்பிளி சூட்டை உண்டாக்காது பேச்சி. இருக்குற சூடு வெளிய ஓடுறத மெதுவாக்கும், அவ்வளவுதான். நம்ம இருக்க உயரத்துல தண்ணி தொண்ணூத்தாறுலயே கொதிச்சிரும். அந்தத் தொண்ணூத்தாறு, பதினோரு மணி நேரம் கழிச்சு, இப்ப நாலரைக்குக் கணக்குப்படி அம்பதுல நிக்கணும். கோமதி வீட்டுப் பெட்டியில போய்ப் பாத்தேன், நாப்பத்தி ஒம்பது. அதே பெட்டி, அதே கம்பிளி. நம்ம வீட்டுல மட்டும் இருபத்தி நாலு டிகிரி கூட. அது எங்கிட்டு இருந்து வந்துச்சு?

— ஒங்க தெர்மாமீட்டரு கெட்டிருக்கும்.

— பதினெட்டு வருஷமா பேக்டரியில டிரையர்ல நிக்கிறவன் நான். ஒரு டிகிரி கூடுனா தேயிலை கருகிரும், ஒரு டிகிரி கொறஞ்சா பூசணம் பூத்துரும். ரெண்டு தெர்மாமீட்டர் மாத்திப் பாத்துட்டேன். கதவுக்குப் பின்னால சாக்பீஸ்ல எழுதி வச்சிருக்கேன் பாரு, மூணு வாரமா.

— அது பால் கணக்குன்னுல்லா நெனச்சேன்.

— திங்கள் எழுபத்தி ரெண்டு. செவ்வாய் எழுபத்தஞ்சு. புதன், வியாழன், வெள்ளி எல்லாம் எழுபதுக்கு மேல. ஞாயித்துக்கிழமைன்னா அம்பது. மூணு ஞாயித்துக்கிழமையும் அம்பதுதான். நாம வீட்டுல இருந்தா சோறு ஆறுது. நாம வேலைக்குப் போயிட்டா ஆற மாட்டேங்குது.

— ஏங்க, பொழுது சாயுத நேரத்துல இப்பிடிப் பேசாதிய. எனக்கு மேலெல்லாம் கூசுது.

— பூட்டுன வீடு. நான் சிப்டுக்குப் போன பொறவு நீ பூட்டிட்டுப் போற, நான்தான் வந்து தொறக்குறேன். பெட்டி மேல ஒரு நூலு வச்சிட்டுப் போனேன், வச்ச எடத்துலயே இருக்கு. யாரும் மூடியத் தொறக்கல. தொறக்காமலே சோத்தைச் சூடு பண்ணுது.

— பண்ணட்டும். சூடான சோத்தைத் தின்னுட்டுப் படுப்போம். இதுக்குப் போயி ஆராய்ச்சி பண்ணுதியளே.

— நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆபீசர் வந்து பக்கத்து ரூமைத் தொறந்து நமக்குக் குடுக்கப் போறாரு. நம்ம மக மோனிஷா பிரசவத்துக்கு வர்றா. பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு இருக்கப் போற எடம். இப்பிடி ஒரு மர்மத்தை அப்பிடியே விட்டுட்டு எனக்குத் தூக்கம் வருமா?

— அந்த ரூமு நமக்கு வேண்டாங்க.

— என்னது?

— வேண்டாம்னு சொல்லுதேன். மோனிஷா இங்கனயே படுத்துக்கிடுவா. நாம அடுப்படியில முடங்கிக்கிடுவோம்.

— மூணு மாசம் ஆபீஸ் படி ஏறி வாங்குனது பேச்சி. அங்க இருந்த மதலேனம்மா ரிட்டயர் ஆகிச் சாவியக் குடுத்த அன்னைக்கே எழுதிக் குடுத்தேன்.

— அந்த அக்கா சாவி குடுத்த அன்னைக்கி எப்பிடி அழுதாவ, நீங்க பாக்கல. வீட்டை ஒப்படைச்சாத்தான் கிராஜுவிட்டின்னு ஆபீஸ்ல சொல்லிட்டாவ. அவுக வீட்டுக்காரரு சுவக்கீன் அண்ணன் கட்டப்பனைக்கு மருந்து வாங்கப் போறேன்னு போயி ஆறு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடியே அவுகளுக்கு ஞாபகம் கொழம்பிருச்சு, பேச்சும் கொறஞ்சிருச்சு. திரும்பி வந்தா இந்தக் கதவைத்தான தட்டுவாக, வேற எந்த விலாசமும் அவுகளுக்குத் தெரியாதேன்னு, பூட்டைப் பிடிச்சிக்கிட்டே நின்னாவ.

— பாவந்தான். அதுக்கு நாம என்ன செய்ய? அந்தம்மாவ மகன் ஜிபி கோபாலபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அந்த ரூமு மூணு மாசமா சும்மா கெடக்கு. கம்பெனிப் பூட்டு துருப்பிடிச்சுத் தொங்குது. சரி, தள்ளு. பெட்டியக் கொஞ்சம் நகத்துறேன்.

— எதுக்கு?

— பெட்டியோட எந்தப் பக்கம் கூடச் சூடா இருக்குன்னு பாக்கணும். சூடு எங்கிட்டு இருந்து வருதோ அந்தப் பக்கந்தான் அதிகமா இருக்கும். வாசப் பக்கம் குளுந்து கெடக்கு. மூடி குளுந்து கெடக்கு. சுவத்தை ஒட்டுன பக்கம்... பேச்சி, கைய இங்க வை.

— நான் வைக்க மாட்டேன்.

— சுவரு சுடுது.

— வேண்டாங்க.

— பெட்டி வச்சிருந்த எடத்துக்கு நேரா, ஒரு முறம் அகலத்துக்கு மட்டும் சூடு. சுத்தி எல்லா எடமும் ஈரச்சுவரு. இது லயம். ரெண்டு வீட்டு அடுப்படியும் ஒரே சுவத்துலதான் முதுகு சாஞ்சிருக்கும். அந்தப் பக்கம் இதுக்கு நேரா என்ன இருக்கு சொல்லு?

— அடுப்பு.

— வெறகடுப்பு. யாரும் இல்லாத பூட்டுன ரூமுல மத்தியானம் வரைக்கும் அடுப்பு எரிஞ்சிருக்கு. சூடு செங்கலுக்குள்ள ஊறி இந்தப் பக்கம் வர ரெண்டு மூணு மணி நேரமாவது ஆகும். பொக? பகல்ல பேக்டரிப் பொகயும் பனியும் சேர்ந்து கெடக்கும்போது யாரு பாக்கப் போறா?

— மெதுவாப் பேசுங்க. கேக்கும்.

— யாருக்குக் கேக்கும்? இரு இரு. போன வாரம் புதன்கிழமை நீ காய்ச்சல்னு வேலைக்குப் போகல. நாள் பூரா வீட்டுலதான் படுத்திருந்த. அன்னைக்கு என்ன எழுதியிருக்கேன்? எழுபத்தி மூணு. அதுக்கு மொத சனிக்கிழமை டிரையர் ரிப்பேர்னு நான் வீட்டுல இருந்தேன், நீ கொழுந்துக்குப் போயிட்ட. அன்னைக்கு அம்பத்தொண்ணு.

— எல்லாத்தையுமா எழுதி வைக்கது?

— நாம ரெண்டு பேரும் இல்லாதப்பன்னு இல்ல பேச்சி. நான் இல்லாதப்ப மட்டும் எரியுது. ஒனக்கு அது பயப்படல. எனக்குத்தான் பயப்படுது.

— ஏங்க...

— இன்னொண்ணு. சம்பாரிக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து உலை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு பிடி அரிசிய எடுத்து மண்பானையில போடுவ. மாசக் கடைசியில அதுலதான் நாலு நாள் ஓடும். நேத்து அந்தப் பானைக்குள்ள கைய விட்டேன், காலியா இருந்துச்சு. அந்தப் பிடியரிசி எங்கிட்டுப் போகுது?

— கோவப்படாதிய.

— கோவப்படல. சொல்லு.

— மதலேனம்மாக்கா திரும்பி வந்துட்டாவ.

— அந்த ரூமுக்குள்ளயா?

— மூணு வாரத்துக்கு முந்தி, நீங்க சிப்டுக்குப் போன பொறவு, அந்தப் பக்கம் ஏனம் உருளுத சத்தம் கேட்டிச்சு. பெருச்சாளின்னு நெனச்சேன். பொறவு இருமல். நான் சுவத்துல வாய வச்சி, அக்கா, நீங்களான்னு கேட்டேன். ஒரு தட்டு தட்டுனாவ. டொக்குன்னு ஒண்ணே ஒண்ணு.

— வாயத் தொறந்து பேசலயா?

— இதுவரைக்கும் பேசல. நான் கேட்டா ஒரு தட்டு. அந்த மருமக கோபாலபுரத்துல வச்சிக்கிட மாட்டேன்னு வெரட்டியிருப்பா. சீர் செனத்தியோட வழியனுப்பி வச்ச லயத்துக்குத் திரும்பி வர வெக்கம். அதான் ஒளிஞ்சிருக்காவன்னு நெனச்சேன். நடுச்சுவரு கூரை வரைக்கும் எழும்பலல்லா? ஸ்டூலு போட்டு ஏறி, டின்னுல அரிசிய வச்சி சுவத்து மேல வைப்பேன். சாயங்காலம் டின்னு கழுவிக் கவுத்தி வச்சிருக்கும்.

— மூணு வாரமா அரிசி குடுக்குற. ஒரு தடவ கூட எட்டி மூஞ்சியப் பாக்கலயா?

— மானத்துக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கவியள எப்பிடி எட்டிப் பாக்கது?

— என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?

— ஒங்ககிட்டயா? பெட்டியில சோறு வெந்ததையே பத்து வீட்டுக்குச் சொன்ன ஆளு. அதான் அக்காட்ட, எங்க வீட்டுக்காரரு இருக்கப்ப அடுப்பப் பத்த வைக்காதிய, ஒரு வெளிச்சமும் வேண்டாம்னு நானே சொல்லிக் குடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு பிடி அரிசி, ஒரு கட்டுச் சுள்ளி. அவ்வளவுதான் அவிய செலவு. நாமெல்லாம் சிக்கனம்னு பீத்திக்கிடுதோம்.

— பூட்டு தொங்குது. எப்பிடி உள்ள போனாங்க?

— அதுதான் எனக்கும் தெரியல. கேட்டேன். அதுக்கும் ஒரு தட்டுதான்.

— நாளைக்கு எட்டு மணிக்கு ஆபீசர் தொறந்தாருன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? ஒப்படைச்ச வீட்டுக்குள்ள திருட்டுத்தனமாப் பூந்ததுன்னு கேஸ் குடுப்பாங்க. அரிசி குடுத்தது நாமன்னு தெரிஞ்சா எனக்குச் சார்ஜ் ஷீட். ரூமும் போச்சு, வேலையும் போச்சு.

— நேத்து நீங்க ஆபீசர் வாராவன்னு சொன்னதுல இருந்து எனக்குக் கண்ணே மூடல. அக்காட்டச் சொன்னேன், ராத்திரியே இங்கன வந்துருங்க, பொறவு பாத்துக்கிடுவோம்னு. அதுக்கு ஒரு தட்டு கூட இல்ல.

— ஜிபி நம்பரு எங்கிட்ட இருக்கு. பெத்த தாய இப்பிடி வெரட்டி விட்டவன நாலு வார்த்த கேக்காம விட மாட்டேன். ஸ்பீக்கர்ல போடுறேன், நீயும் கேளு.

— சத்தத்தக் கொறச்சி வைங்க.

— ரிங்கு போகுது... ஹலோ, ஜிபியா?

— அவன் குளிக்கான். யாரு பேசுதது?

— நான் ஏலப்பாறையில இருந்து செல்லத்துரை. நீங்க யாரு?

— துரையா! மாதாவே, நான் நெனச்சிக்கிட்டே இருந்தேன். நான் மதலேனம்மா பேசுதேன்ப்பா. பேச்சி பிள்ள சொகமா? மோனிஷாவுக்கு எத்தன மாசம்? துரை? கேக்கா?

— அக்கா... நீங்க எங்கன இருக்கிய?

— பேச்சியா? எங்கன இருப்பேன், கோபாலபுரத்துலதான். மூணு மாசமா வாசலத் தாண்டல பிள்ள. இங்க பேச்சே வேற, எல்லாரும் ஏனுங்க, வாங்கங்காவ, பதிலுக்கு என்ன சொல்லதுன்னே எனக்குத் தெரியல. மருமக தங்கமா வச்சிருக்கா. ஏம் பிள்ள, என்ன வெவரம்?

— பேச்சி, ஸ்டூல்ல ஏறி எட்டிப் பாக்காத, எறங்கு. சுவத்துக்கிட்டப் போகாத.

— ஏங்க, அப்ப நான் மூணு வாரமா யாருக்கு அரிசி...

— எறங்குன்னு சொல்றேன்ல. அக்கா, பயப்படாம கேளுங்க. ஒங்க பழைய ரூமுல யாரோ இருக்காங்க. பகல்ல அடுப்பு எரியுது. நீங்கதான்னு நெனச்சுப் பேச்சி அரிசி குடுத்துக்கிட்டு இருந்திருக்கா. அந்த ஆளு ஒரு வார்த்த பேசுனதில்ல. கதவுல கம்பெனிப் பூட்டு அப்பிடியே இருக்கு.

— பூட்டு அப்பிடியே இருக்கா?

— அப்பிடியே இருக்கு.

— ஏங்க! கேட்டியளா? இப்பத் தட்டிச்சு.

— கேட்டேன்.

— ஒண்ணு இல்ல. தட்டிக்கிட்டே இருக்கு. நம்ம பேசுறப்பல்லாம் இப்பிடித் தட்டுனதில்லங்க, அக்கா கொரலு வந்ததுல இருந்துதான்...

— பிள்ள, அது என்ன சத்தம்? சுவத்துல தட்டுதது யாரு?

— அதுதான் அக்கா அந்த ஆளு.

— துரை, பின்னால போயி எங்க குளிக்க ரூமுக்கு மேல இருக்க தகரத்தப் பாரு. ஓடிப் போயிப் பாரு.

— அங்க என்ன?

— பாத்துட்டு வந்து சொல்லுப்பா.

— அக்கா, அவுக போயிட்டாக. நான் இங்கன ஒத்தையில நிக்கேன். தட்டு நிக்கவே இல்ல.

— பயப்படாத பிள்ள. அந்த அடுப்புல என்ன வெறகு எரியுது? ஒனக்கு வாடை வந்திருக்கும்லா?

— யூக்காலி. யூக்காலிச் சுள்ளி வாடை.

— தேயில வேரு இல்ல?

— இல்லக்கா. யூக்காலிதான்.

— மாதாவே. தேயில வேரு பொக நெஞ்ச அடைக்கும்னு அதத் தொடவே மாட்டாரு.

— யாருக்கா?

— பேச்சி! அக்கா! பாத்துட்டேன். கடைசித் தகரத்துல ஆணியே கெடையாது. தூக்குனாத் தூக்க வருது. ஓரத்துல புதுசா சேறு. ஒரு ஆளு தாராளமா எறங்கலாம்.

— அந்த ஆணியப் பிடுங்குனது யாருன்னு எனக்கும் இன்னொரு ஆளுக்கும் மட்டுந்தான் தெரியும் துரை. குடிச்சிட்டு வந்தா நான் கதவத் தொறக்க மாட்டேன். அது வழியாத்தான் எறங்கி வந்து அடுப்படியில படுத்துக்கிடுவாரு. மூணு வாரமா அங்கன இருக்கது எங்க வீட்டுக்காரரு சுவக்கீன். தெனமும் நானே அரிசி வச்சிட்டு வேலைக்குப் போறேன்னு நெனச்சிக் காத்திருக்காரு. வேற யாரு கூப்பிட்டாலும் அவரு வெளிய வர மாட்டாரு. ஸ்பீக்கர நல்லாக் கூட்டி வச்சி, போன சுவத்துல ஒட்டிப் பிடிங்க. நான் கூப்பிடுதேன், போன வழியே அவரு எறங்கி வந்துருவாரு.