நெவினுக்காக நான் பார்த்துப் பார்த்து எடுத்த ஏர்கன்

தேநீர் நன்றாக இருக்கிறது, தம்பி. போலீஸ் நிலையத்தில் இவ்வளவு நல்ல தேநீர் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே வந்திருப்பேன். வீட்டில் நோலீன் போடுவது வெந்நீருக்கு நிறம் காட்டுகிற வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து குடிக்கிறேன், பழகிவிட்டது.

நீங்கள் துப்பாக்கியைப் பற்றித்தானே கேட்டீர்கள். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். முயல் ஒழிப்பு வாரியத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பக்கத்தில் யார் தோட்டத்தில் முயல் புகுந்தாலும் கிளைடைக் கேள் என்பார்கள். கேட்பதற்கு முன்பே நான் போய் நின்றுவிடுவேன் என்பது வேறு விஷயம்.

முயலுக்கு ஏர்கன் வாங்குகிறவர்கள் பெட்டியின் மேல் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து மயங்கிவிடுவார்கள். குழலை நடுவில் மடக்கி ஸ்பிரிங்கை இழுத்து வைக்கிற ரகத்தில், பலம் கூடக்கூடக் கை தாங்காது. ரவை வெளியே போவதற்குள் துப்பாக்கி முன்னும் பின்னுமாக ஒரு குதி குதித்துவிடும். முயலின் தலையில் சுட வேண்டிய இடம் ஒரு கோழிமுட்டை அளவு கூட இருக்காது. குறி கொஞ்சம் பிசகினால் அந்த ஜீவன் காயத்தோடு வளைக்குள் போய்க் கிடந்து சாகும். பாவம். அதனால் எல்லாரிடமும் நான் சொல்வது இதுதான்: நடுத்தரமான பலம், கொஞ்சம் பெரிய ரவை, லேசான பிடி, கிட்டப் போய்ச் சுடு. இந்த ரகத்துக்கு லைசென்ஸும் வேண்டாம், வயது வந்தவராக இருந்தால் போதும்.

நெவினிடம் மட்டும் இப்படிச் சொல்லவில்லை.

நெவின் என் பக்கத்து வீட்டுக்காரன். பால் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். டனீடனிலிருந்து மனைவி ஷோனாவோடு இங்கே குடிவந்தான். நல்ல பையன் என்று ஊரே சொல்லும், நானும் சொல்வேன். வந்த வாரமே என் வீட்டு மழைநீர்க் குழாயைக் கேட்காமலே சரிசெய்து கொடுத்தான். பிறகு, மாலையில் தன் வீட்டுக் கொட்டகையில் நின்று, காற்றுப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேக்பைப் வாசித்தான். நான் குளியலறையில் பாதி சவரத்தில் இருந்தேன். மீதிப் பாதியை மறுநாள்தான் செய்தேன்.

நானும் பேக்பைப் வாசிக்கிறவன்தான், தம்பி. உங்கள் அப்பா எங்கள் பேண்டில் டிரம் அடித்தவர், அவரைக் கேளுங்கள். கிளைட் எப்படி வாசிப்பான் என்று கேட்டால், 'நேரத்துக்கு வந்துருவான்' என்பார். ஆனால் ஆன்சாக் நாள் விடியலில், போரில் செத்தவர்களுக்காக நினைவுத் தூண் முன்னால் ஒரே ஒருவர் தனியாக நின்று ஒப்பாரி வாசிப்பாரே, அது என்னுடையது. எனக்கு முன்னால் வாசித்தவர் செத்ததால் எனக்கு வந்தது. வருடம் முழுக்க என்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த ஒரு விடியலில் ஊரே தொப்பியைக் கழற்றிவிட்டு நான் வாசிப்பதைக் கேட்கும். எனக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

போன வருடம் பேண்ட் தலைவர் பேசில் வீட்டுக்கு வந்தார். நோலீன் கொடுத்த சீஸ் ரோலை மூன்று கடியில் முடித்துவிட்டுச் சொன்னார். 

"கிளைட், உனக்கும் வயசாவுது. குளிர்ல நின்னு எதுக்குக் கஷ்டப்படணும். இந்தத் தடவை நெவின் வாசிக்கட்டுமே."

"தாராளமா," என்றேன். இன்னொரு சீஸ் ரோலும் எடுத்துக்கொடுத்தேன்.

நெவின் வாசித்தான். நோலீன் அழுதாள். நான் வாசித்தபோதெல்லாம் அவள் கையுறையைத் தேடிக்கொண்டிருப்பாள். நானும் அழுதேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், பொய் சொல்ல மாட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது. வயிறு எரிந்தது.

செப்டம்பர் பிறந்ததும் முயல் பெருகிவிட்டது. நெவின் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, முட்டைக்கோஸ் மொத்தமும் போச்சு. ஷோனா முயலை விட்டுட்டு என்னைக் கடிக்கிறா. நல்ல துப்பாக்கியா ஒண்ணு சொல்லுங்களேன்."

"துப்பாக்கி லைசென்ஸ் இருக்கா?"

"லாரி ஓட்டுற லைசென்ஸ்தான் இருக்கு."

"அப்ப மடக்குற ஏர்கன்தான் உனக்கு. விடு, நான் பாத்துக்குறேன்."

அந்த நிமிடம் நல்ல மனதோடுதான் சொன்னேன். நான் திட்டம் போடுகிற ஆள் இல்லை. கடைக்குப் பால் வாங்கப் போனால் பாலைத் தவிர எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வருவேன்.

கடையில் புதிது புதிதாக நிறைய இருந்தன. ஒன்று கனம் பற்றாது என்றேன். ஒன்றின் கட்டை பிளாஸ்டிக் என்றேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவன் மாதிரி எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்தேன். கடைக்காரப் பெண் கடைசியில் என்னைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். எனக்கு எதுவும் பிடிக்காததற்குக் காரணம் ஒன்றுதான், வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அது எனக்கே புரிந்தது. எல்லாவற்றிலும் ஒரு தடுப்பு இருந்தது. குழல் மடங்கித் திறந்திருக்கும்போது விசையை இழுத்தாலும் ஸ்பிரிங் விடுபடாமல் பிடித்து வைக்கிற தடுப்பு. அந்தத் தடுப்பு இல்லாமல் போனால், திறந்த குழல் எலிப்பொறி மாதிரி படாரென்று மூடிக்கொள்ளும். ஸ்பிரிங் எவ்வளவு பலமோ அவ்வளவு வேகத்தில். நடுவில் என்ன இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

நான் தேடிய துப்பாக்கி ஒரு பண்ணை ஏலத்தில் கிடைத்தது. பழையது, பலமோ அசுர பலம். மடக்குவதற்கு முழங்காலை முட்டுக்கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டகையில் குழலைத் திறந்து வைத்து விசையை இழுத்துச் சோதித்தேன். நான்கைந்து முறை ஒழுங்காக இருந்தது. பிறகு, குழலைப் பிடித்திருக்கும்போதே பிய்த்துக்கொண்டு மூடியது. தடுப்பு தேய்ந்து போயிருந்தது. என் தோளை ஒரு வாரம் தூக்க முடியவில்லை. 

"இந்த வயசுல என்ன வீரம் வேண்டிக்கெடக்கு?" என்று நோலீன் தைலம் தேய்த்துவிட்டாள்.

தூக்கி எறிந்திருக்கலாம். எண்ணெய் போட்டுத் துடைத்து, ஒரு டப்பா ரவையும் சேர்த்து, நெவினுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தேன். காசு கூட வாங்கவில்லை. அதை என் கணக்கில் நல்லதாக எழுதலாமா வேண்டாமா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான்.

அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். இந்த ஊரில் ஆம்பளைகள் கட்டிப்பிடிப்பதில்லை, டனீடன் பழக்கம் போலிருக்கிறது.

பிறகு பாடம். குழலை மடக்கியதும், ஒரு கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேதான் மறு கையால் ரவையைப் போட வேண்டும். விசைப் பக்கம் விரலே போகக் கூடாது. வாரியத்தில் புதிதாகச் சேருகிறவனுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், சொன்னதைக் கேட்காதவனை மண்டையில் தட்டுவேன். நெவினுக்கு நான் சொன்னது வேறு.

"குழலைப் புடிச்சுக்கிட்டே இருக்கணுமாண்ணே? வீடியோல அப்படித்தான் காட்டுறான்."

"வீடியோ போடுறவனெல்லாம் பயந்தாங்கொள்ளி. தொடை மேல வச்சுக்க. வலது கை புடியிலயே இருக்கட்டும், அப்பத்தான் முயல் ஓடுறதுக்குள்ள சுட முடியும். இடது கையால ரவையைப் போடு."

"இப்படியா?"

"அப்படித்தான். உனக்கு நல்லா வருது."

பேக்பைப்புக்கு எட்டு விரல் வேண்டும், தம்பி. இடது கைச் சுண்டு விரலும் வலது கைக் கட்டைவிரலும் சும்மா இருக்கும். மற்றதில் எது போனாலும் போச்சு. இதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நினைத்தேனா என்று கேட்பீர்கள். முயலைத்தான் நினைத்தேன் என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓரளவு நம்பவும் செய்தேன்.

அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. அதுதான் பெரிய வேடிக்கை. தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம், மாலையில் பேக்பைப் சத்தம். அவன் குறியும் நன்றாக வந்துவிட்டது. தோலுரித்த முயலை வாரம் தவறாமல் எங்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பான். நோலீன் அதை மாவுக்குள் பொதிந்து 'பை' சுடுவாள். அவனைக் கொல்லுகிற மாதிரி பார்த்துக்கொண்டே அவன் சுட்ட முயலை இரண்டு தட்டு சாப்பிடுவேன். வில்லனாக இருப்பதற்குக் கூட ஒரு தகுதி வேண்டும், எனக்கு அது இல்லை என்று விட்டுவிடலாமா என்று யோசித்தேன். போய்ச் சொல்லியிருக்கலாம். தடுப்பு தேய்ந்திருக்கிறது, கொடு, பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை. வேலி இடுப்புயரம் கூட இல்லை.

பிப்ரவரியில் நடந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை. வேறு சத்தம் கேட்டது. நான்தான் முதலில் ஓடினேன். அவன் இடது கை ஆட்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயிருந்தன. நான்தான் கட்டுப் போட்டேன், நான்தான் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தில் விரல் துண்டுகளை வைத்தேன், நான்தான் இன்வர்கார்கில் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டினேன். வழியெல்லாம் அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான், சீட்டில் ரத்தம் பட்டுவிட்டதாம். துண்டுகள் நசுங்கிப் போயிருந்ததால் ஒட்ட வைக்க முடியவில்லை. டாக்டர்கள் பாவம், மெனக்கெட்டார்கள்.

பேசில் மறுபடி வந்தார். இந்த முறை சீஸ் ரோலைத் தொடவில்லை. "நீதான் கிளைட், வேற யாரு இருக்கா?" என்றார்.

போன வாரம் ஆன்சாக் விடியலில் வாசித்தேன். வாழ்க்கையிலேயே நன்றாக வாசித்தது அன்றுதான். ஒரு சுரம் பிசகவில்லை, காற்று அடங்கவில்லை, கை நடுங்கவில்லை. ஆனால் நெவின் முன்வரிசையில் நின்றான். பேண்ட் உடுப்பில், வாசிக்க முடியாத பேக்பைப்பை அக்குளில் அணைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட கையை அதன் மேல் வைத்துக்கொண்டு. ஊரே தொப்பியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தது. நோலீன் அவனைப் பார்த்து அழுதாள். முடிந்ததும் எல்லாரும் என்னைத் தாண்டிப் போய் அவன் தோளைத் தொட்டார்கள். என் வாசிப்பைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். 

"அண்ணே, கொன்னுட்டீங்க. ரெண்டாவது தடவை மேல் சுரத்துக்கு ஏறுனீங்க பாருங்க, எனக்கு அந்த எடம் வந்ததே இல்ல," என்றான். கண்ணில் தண்ணீர்.

அவன் பாராட்டு எனக்கு எதற்கு?

இன்றைக்குப் பத்திரிகையைப் பார்த்திருப்பீர்கள். முதல் பக்கத்தில் அவன் கை. 'யார் மேலும் தப்பில்லை. கிளைட் அண்ணன் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தார், நான்தான் மறந்துவிட்டேன்' என்று சொல்லியிருக்கிறான். ஊர் உருகுகிறது. அவன் வீட்டு வாசலில் கேக்கும் சூப்புமாகக் குவிகிறது. கீழே ஒரு வரியில், ஒப்பாரியை உள்ளூர்க்காரர் ஒருவர் வாசித்தார் என்று போட்டிருக்கிறது.

அது பொய், தம்பி. அவன் எதையும் மறக்கவில்லை. வலது கை பிடியில், இடது கை குழலுக்குள், நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தான். தடுப்பு தேய்ந்தது எனக்குத் தெரியும். தேய்ந்ததால்தான் அந்தத் துப்பாக்கியை எடுத்தேன். அவன் விரல்களை வாங்கியது நான்தான், தெரிந்துதான் செய்தேன். ஒரு பொய்க்கு இவ்வளவு மரியாதை கிடைப்பதை என் மனசாட்சி பொறுக்கவில்லை, அதனால் வந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? சரி. பத்திரிகைக்காரர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள்? உடுப்பு மாற்றிக்கொள்ள ஐந்து நிமிடம் கொடுத்தால் போதும், பேக்பைப் வண்டியிலேயே இருக்கிறது.